ஒரே ஒரு குமிழி

வியாபாரிக்கு முதல் போணி என்பது சாமி கும்பிடுவதற்கு அடுத்தபடி. காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை முதலாளியிலிருந்து பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கொய்யாப்பழம் விற்கிறவர் வரை இதில் ஜாதி மத பேதம் கிடையாது. காலையில் முதலில் வருகிறவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால் அன்று முழுவதும் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்பார்கள். ரியாஸின் அப்பா ஷரீஃப், கைக்கடிகாரக் கடை வைத்த நாளிலேயே இதற்கு ஒரு படி மேலே போய் ஒரு சட்டம் போட்டுவிட்டார். போணி நேரத்தில் ‘ஆகாது’, ‘முடியாது’, ‘இல்லை’ என்ற வார்த்தைகளே கடைக்குள் கேட்கக் கூடாது. கேட்ட பொருள் இல்லாவிட்டாலும் ‘வருது’ என்றுதான் சொல்ல வேண்டும். ஷரீஃப் மறைந்து ஒன்பது வருஷமாகியும் மகன் அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை.

அன்று வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தின வாரம். ரியாஸ் ஷட்டரைத் தூக்கி, பிஸ்மில்லா சொல்லி, சாம்பிராணி காட்டி, ஸ்டூலில் உட்காரும்போதே கலைவாணன் படியேறி வந்துவிட்டார்.

கலைவாணனின் தொழிலைச் சொன்னால் காஞ்சிபுரத்தில் பாதிப் பேர் சிரிப்பார்கள். அவர் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் மூழ்கும் ஸ்கூபா டைவர். அந்தமானில் பன்னிரண்டு வருஷம் சுற்றுலாப் பயணிகளுக்குக் கடலடியைக் காட்டிவிட்டு ஊர் திரும்பியவர். கடலே இல்லாத ஊரில் இவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை நிறைய இருந்தது. கைவிடப்பட்ட கல்குவாரிகள் எல்லாம் நீர் நிரம்பிக் கிடக்கின்றன. அவற்றில் மோட்டார் விழும், பைப் அடைக்கும், சில சமயம் குளிக்கப் போன பிள்ளைகளும் திரும்பாமல் போவார்கள். அப்போதெல்லாம் கலைவாணனைத்தான் தேடுவார்கள்.

தேடுகிற அதே வாய்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பயந்தாங்கொள்ளி டைவர்’. காரணம் இருந்தது. அவர் கரையில் அரைமணி நேரம் நின்று தண்ணீரையே பார்ப்பார். எல்லாச் சாமானையும் இரண்டு முறை பரிசோதிப்பார். சில நாள், “இன்னிக்கு மனசு சரியில்ல, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று மூட்டை கட்டிவிடுவார். கூடியிருக்கிற கூட்டம் கைகொட்டிச் சிரிக்கும். அவர் சிரித்தபடியே உயிரோடு வீட்டுக்குப் போவார்.

“இன்னா பாய், போணி ஆயிடுச்சா?”

“நீங்கதாண்ணே போணி. உக்காருங்க.”

கலைவாணன் கையிலிருந்த தடித்த வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்தார். தண்ணீருக்குள் கட்டிக்கொள்வதற்கென்றே செய்த வாட்ச். இருட்டிலும் ஒளிரும் முள், சுற்றிலும் திருகும் வளையம். இறங்கும்போது வளையத்தின் குறியை நிமிஷ முள்ளுக்கு நேராகத் திருப்பிவைத்துவிட்டால், உள்ளே எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

“செல் வீக்காயிடுச்சு. மாத்திட்டு, மிஷின்ல போட்டுப் பாத்துக் குடு. நாளைக்கு எறங்கறேன்.”

“போன மாசம்தானேண்ணே மிஷின்ல போட்டேன்?”

“அது போன மாசம். இது இந்த மாசம்” என்றார் கலைவாணன். “மாகறல் பக்கம் ஸ்ரீபாலன் இருக்காரு இல்ல, நெறைய நெலம் வச்சிக்கினு… அவரு குவாரிக் குட்டையிலேர்ந்துதான் தண்ணி எறைக்கிறாரு. மெதவையோட மோட்டாரு உள்ள போயிடுச்சாம். முப்பத்தஞ்சு மீட்டர். கண்ண தொறந்தாலும் ஒண்ணுதான், மூடினாலும் ஒண்ணுதான். பதினஞ்சு நிமிஷத்துல மேல கெளம்பிடணும்.”

“நேரம், ஆழம் எல்லாம் காட்டற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் கையில கட்டுவீங்களே?”

“அது ரிப்பேரு. மெட்ராசுக்கு அனுப்பிக்கிறேன், வர மூணு மாசம் ஆவும். ஸ்ரீபாலன் பயிரு காயுதுன்றாரு. அதனால நாளைக்கு இந்த வாட்ச்தான் எனக்கு எல்லாம்.”

ரியாஸ் வாட்சின் முதுகுமூடியைத் திறந்துகொண்டே சிரித்தான். “பயமா இருக்குதாண்ணே?”

“இல்லாம? பயம் இல்லாத அன்னிக்கு நான் தண்ணிகிட்டயே போவமாட்டேன்” என்றார் கலைவாணன், கொஞ்சமும் வெட்கப்படாமல். “பயம்னா ஓடறதுக்குன்னு நெனைக்கிறாங்க. அப்படி இல்ல பாய். ‘இன்னொரு வாட்டி பாத்துக்கடா’ன்னு உள்ள ஒருத்தன் சொல்றான் பாரு, அதான் பயம். அவன் பேச்ச கேட்டுத்தான் இத்தினி வருஷம் தள்ளிக்கினு வரேன்.”

அந்த நேரம் அவருடைய போன் அடித்தது. ஸ்ரீபாலன்தான். கலைவாணன் பேசிக்கொண்டே படியிறங்கித் தெருவுக்குப் போனார். வழக்கமாக இயந்திரத்தின் முன்னாலேயே நின்று கண்கொட்டாமல் பார்ப்பவர் அன்று பார்க்கவில்லை.

ரியாஸ் செல்லை மாற்றினான். மூடியின் ஓரத்தில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வாஷர் கொஞ்சம் தட்டையாகியிருந்தது. புதிது போட வேண்டும். அந்த அளவு வாஷர் கையிருப்பில் இல்லை, சென்னைக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். பழையதிலேயே கிரீஸ் தடவி மூடினான். பிறகு பரிசோதனை இயந்திரத்தின் கண்ணாடி உருளைக்குள் வாட்சைத் தொங்கவிட்டு, கைப்பம்பால் காற்றழுத்தம் ஏற்றினான். வாட்சில் நூலிழை ஓட்டை இருந்தாலும் அந்த அழுத்தத்தில் காற்று உள்ளே புகுந்துவிடும். அப்புறம் வாட்சைத் தண்ணீருக்குள் இறக்கி, அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்தால் புகுந்த காற்று குமிழியாக வெளியே வரும். குமிழி வந்தால் வாட்ச் ஆகாது. அவ்வளவுதான் கணக்கு, குழந்தைக்கும் புரியும்.

ரியாஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது முதுகுமூடியின் ஓரத்திலிருந்து கடுகளவில் ஒரு குமிழி கிளம்பி மேலே போனது. ஒரே ஒரு குமிழி. அவன் வயிற்றில் ‘சுருக்’ என்றது.

அந்தச் சமயம் பார்த்தா வேலூரிலிருந்து பட்டு எடுக்க வந்த கல்யாணக் கோஷ்டி கடைக்குள் நுழைய வேண்டும்! மாப்பிள்ளை வாட்ச் வேண்டுமாம், எட்டுப் பேர். பின்னாலேயே கலைவாணனும் போனை அணைத்துவிட்டுப் படியேறினார். “இன்னா பாய், ஓகேவா?”

ரியாஸின் நாக்கில் ‘ஆகாதுண்ணே’ என்ற வார்த்தை ஒரு நொடி நின்றது. போணி நேரம். முதல் ஆளிடமே ஆகாது என்பதா, அதுவும் எட்டுப் பேர் காதில் விழும்படி? பட்டைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த காற்றாக இருக்கும், எத்தனை முறை பார்த்த வாட்ச், இந்த மனுஷன் எப்போதுமே பத்து மடங்கு பயப்படுகிறவர்தானே என்று தனக்குத் தானே மூன்று சமாதானம் சொல்லிக்கொண்டான். வயிற்றிலிருந்த ‘சுருக்’ அடங்கிவிட்டது.

“ஓகேண்ணே. ஜம்முனு இருக்குது” என்றான். ‘பரிசோதித்தது, சரி’ என்று சீட்டெழுதிக் கையெழுத்தும் போட்டான். கலைவாணன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நிம்மதியாகப் போனார்.

மறுநாள் குவாரியில் நடந்ததை ரியாஸ் பலர் வாயிலிருந்து துண்டு துண்டாகக் கேட்டான். கலைவாணன் காலை பத்துக்கு இறங்கினார். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவன் விக்ரம், அவர் மனைவி மணியம்மாளின் தம்பி. முப்பத்தைந்து வயதுக்காரன், மாமா இறங்கும்போதெல்லாம் கரையில் அவன்தான் நிற்பான். கீழே மோட்டார் சேற்றில் புதைந்திருந்தது. கலைவாணன் சங்கிலி மாட்டப் போராடினார். வாட்சைப் பார்த்தார், ஒன்பது நிமிஷம். வேலை செய்தார். மறுபடி பார்த்தார், பதினொன்று. இன்னும் நேரம் இருக்கிறதே என்று தொடர்ந்தார். மேலே விக்ரம் பதறிக் கயிற்றை இழுத்தது கீழே தெரியவில்லை, கயிறு பாறையில் சிக்கியிருந்தது. உருளையில் காற்று அடிமட்டத்துக்குப் போய்விட்டதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு ஏதோ தப்பு என்று உறைத்தது. வழியில் நின்று நின்று ஏற வேண்டிய ஆழத்தை நிற்கக் காற்றில்லாமல் ஒரே மூச்சில் ஏறினார். அவர் உள்ளே இருந்தது நாற்பத்திரண்டு நிமிஷம்.

ஆழத்தில் மூச்சு விடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரையும். அதிக நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்தமாதிரி அது உடம்புக்குள் பொங்கும். கலைவாணனுக்கு முதுகுத்தண்டில் பொங்கியது. கரையேறி டீ குடித்தவர், கால் மரத்துப்போகிறது என்றார். மதியத்துக்குள் எழுந்து நிற்க முடியவில்லை. சென்னைக்குக் கொண்டுபோய் அழுத்த அறையில் வைத்துப் பார்த்தார்கள். உயிர் நின்றது. இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பவில்லை, திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

அந்த வாட்ச் செய்த துரோகம் அதோடு முடியவில்லை. உள்ளே ஈரம் போய்ப் பதினோராவது நிமிஷத்தில் நின்றிருந்த அது, கரையில் மே மாத வெயிலில் காய்ந்து மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. பின்தங்கியிருந்த முள்ளை யாரோ சரியான நேரத்துக்குத் திருப்பியும் வைத்துவிட்டார்கள். டாக்டர்கள் கேட்டபோது கலைவாணன், “வாட்ச்ல பதினோரு நிமிஷம்தாங்க பாத்தேன்” என்றார். எல்லாரும் வாட்சைப் பார்த்தார்கள். அது டிக் டிக் என்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கலைவாணனைப் பார்த்தார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ‘உள்ள போனதும் பயத்துல மூள கலங்கிடுச்சாம், டைம் பாக்கவே தெரியலையாம், அடிச்சிப் புடிச்சி மேல ஓடியாந்துக்கிறான்’ என்று டீக்கடைதோறும் தீர்ப்பு எழுதப்பட்டது. இரண்டு ஆள் ஆழம்கூட நீந்தத் தெரியாதவர்கள் முப்பத்தைந்து மீட்டர் ஆழத்தைப் பற்றி விளக்கம் கொடுத்தார்கள். ஸ்ரீபாலன் கெட்டவர் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கார் அனுப்பியவர். அவரே, “பாவம், சுபாவத்துலயே பயந்தவரு. அவர கூப்ட்டது என் தப்பு” என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ரியாஸ் வாயைத் திறக்கவில்லை.

கலைவாணன் ஐயம்பேட்டை வீட்டுக்குத் திரும்பி ஒரு வாரம் ஆன பிறகும் ரியாஸ் போய்ப் பார்க்கவில்லை. தினமும் நாளை போகலாம் என்றான். ஒரு மதியம் மணியம்மாளே கடைக்கு வந்து நின்றாள். முந்தானையில் முடிந்துவைத்திருந்த வாட்சை எடுத்து நீட்டினாள்.

“பாய், அவரு ஒரே பாட்டா பாடிக்கினு இருக்காரு. ‘வாட்ச்ல தப்பு இருக்குது, ரியாஸுகிட்ட எடுத்துனு போ, அவன் மிஷின்ல போட்டா தெரிஞ்சிடும்’னு. கொஞ்சம் பாரேன்.”

“வச்சிட்டுப் போங்க அண்ணி, சாயந்தரம் பாக்கறேன்.”

“இல்ல பாய், இருந்து பாத்துட்டுப் போறேன். என்ன ஏதுன்னு போயி அவருக்குச் சொல்லணும். ரா முச்சூடும் தூங்கலை.”

ரியாஸ் இயந்திரத்தைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டான். மணியம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்து அவன் முதுகுதான் தெரியும். அழுத்தம் ஏற்றினான், இறக்கினான். இந்த முறை ஒன்றல்ல, கோத்த மணிமாதிரி குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. பட்டைக்கு அடியிலிருந்த காற்று இல்லை. அன்றைக்கும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு மனிதன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. ஆனால் ரியாஸுக்குக் கடைப் பெயர்ப்பலகை நினைவுக்கு வந்தது, ஊர் நினைவுக்கு வந்தது, இரண்டு பிள்ளைகளின் முகம் வந்தது. அன்று ‘ஓகே’ சொன்ன வாய் இன்றும் பழகிய வழியிலேயே போயிற்று.

“வாட்ச்ல ஒண்ணும் இல்ல அண்ணி. நல்லாத்தான் இருக்குது.”

மணியம்மாள், “அப்போ அவருதான்…” என்று ஆரம்பித்து, முடிக்காமல், வாட்சை வாங்கி மறுபடி முடிந்துகொண்டு எழுந்து போனாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ரியாஸுக்குக் குறுகுறுக்கவில்லை, அறுத்தது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, விக்ரம் வந்தான். அவன் கையில் அதே வாட்ச்.

“பாய், பட்டை எனக்குப் பெருசா இருக்குது. வேற போட்டுக் குடு. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன். ஞாயித்துக்கெழம எறங்கறேன்.”

“எங்க?” என்றான் ரியாஸ்.

“அதே குட்டைதான். மோட்டாரு இன்னும் உள்ளதானே இருக்குது? நாம ஆரம்பிச்ச வேல, நாமதான் முடிக்கணும்.”

“உனக்கு ஆழத்துல எறங்கிப் பழக்கமே இல்லையே விக்ரம். மாமா விட்டாரா?”

“கோவளத்துல நாலு வாட்டி எறங்கிக்கிறேனே. மாமா மொதல்ல ஒண்ணும் பேசல. வாட்ச் நல்லாருக்குன்னு நீ சொன்னதா அக்கா வந்து சொல்லிச்சு பாரு, அன்னியிலேர்ந்து அவரு ஆளே வேற. ‘என் பயமே எனக்குப் பொய் சொல்லிடுச்சுடா’ன்றாரு. நேத்து நான் கேட்டப்ப, ‘போடா, எறங்கு. பயப்படாம எறங்கு. பயந்து பயந்து பாத்தவன் கத இன்னா ஆச்சு பாத்த இல்ல’ன்னு சொல்லி, வாட்சையும் கழட்டிக் குடுத்துட்டாரு.” விக்ரம் தோளைக் குலுக்கினான். “எனக்கு அந்தச் சீக்கெல்லாம் கெடையாது பாய்.”

அவன் போனதும் ரியாஸ் ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அஸர் தொழுகைக்குக்கூடப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனிடம் மனைவி ஜீனத் என்ன ஏதென்று கேட்டாள். இரண்டு மாதமாக அவளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்ததை அவன் கொட்டினான். சொல்லி முடித்துவிட்டு, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த உபாயத்தையும் சொன்னான்.

“நாளைக்குக் காலையில மொத ட்ரெயின்ல மெட்ராஸ் போயி புது வாஷர் வாங்கியாந்துடறேன். போட்டு, நல்லா டெஸ்ட் பண்ணிக் குடுத்துட்டா விக்ரமுக்கு ஒண்ணும் ஆவாது. யாருக்கும் ஒண்ணும் தெரியவும் தெரியாது.”

ஜீனத் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “வாஷர மாத்திடலாங்க. கலையண்ணனுக்குப் போன பயத்த எங்க போயி வாங்கியாந்து மாத்துவீங்க? அது இருந்திருந்தா அவரு மச்சான அந்தக் குட்டையில எறங்க விடுவாரா?”

“ஊருக்குத் தெரிஞ்சா கடை போச்சு ஜீனத்” என்றான் ரியாஸ்.

“ஊரு இன்னா சொல்லும்னு இப்ப இவ்ளோ பயப்படறீங்களே. இதுல பாதி அன்னிக்கு அந்த வாட்ச கையில வச்சிக்கினு பயந்திருந்தா அந்த மனுஷன் இன்னிக்கு நடந்துக்கினு இருப்பாரு. பயப்பட வேண்டியதுக்குப் பயப்படாம, தேவையில்லாததுக்குப் பயந்துக்கினு உக்காந்திருக்கீங்க. எழுந்திருங்க.”

சனிக்கிழமை காலை ரியாஸ் வாட்சையும் இயந்திரத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குப் போனான். வீட்டு வாசலில் காற்று உருளைகளும் ரப்பர் உடுப்பும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. விக்ரம் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். கலைவாணன் சக்கர நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தாடி மண்டிக் கிடந்தது. ரியாஸைப் பார்த்ததும் “வா பாய்” என்று மட்டும் சொன்னார்.

ரியாஸ் பேச ஆரம்பிக்கவில்லை. பேசினால் சொல்லாமல் விட்டுவிடுவோம் என்று அவனுக்கே தன்மேல் நம்பிக்கை இல்லை. மேஜையில் இயந்திரத்தை வைத்து, மணியம்மாளிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி ஊற்றி, வாட்சை உள்ளே தொங்கவிட்டான். எல்லாரும் பார்க்க அழுத்தம் ஏற்றினான். வாட்சைத் தண்ணீரில் இறக்கினான். அழுத்தத்தைக் குறைத்தான்.

குமிழிகள் வந்தன. நிற்காமல் வந்தன.

கலைவாணன் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து, கண்ணாடியில் மூக்கு உரசுகிறமாதிரி பார்த்தார். அந்த இயந்திரத்தை அவருக்குத் தெரியும். எத்தனையோ தடவை முன்னால் நின்று பார்த்தவர்.

“அன்னிக்கே ஒண்ணு வந்துச்சுண்ணே” என்றான் ரியாஸ். “நான் பாத்தேன். போணி நேரத்துல ஆகாதுன்னு சொல்றதான்னு வுட்டுட்டேன். வயித்துல என்னமோ பண்ணுச்சு, அதையும் அடக்கிட்டேன். அண்ணி வந்து கேட்டப்பவும் பாத்தேன். அப்பவும் பொய் சொன்னேன். உங்க பயத்துமேல ஒரு தப்பும் இல்லண்ணே. வாட்சுதான் நின்னு போச்சு. என்னாலதான்.”

விக்ரம் கையிலிருந்த சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நாளைக்கு இந்நேரம் தான் எங்கே இருந்திருப்போம் என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. “அக்கா, எனக்குக் கை உதறுது” என்றான் சின்னப்பிள்ளைபோல.

மணியம்மாள் தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரியாஸின் எதிரில் வந்து நின்றாள்.

“நீ மொத வாட்டி பொய் சொன்னதுல அவரு காலு போச்சு. அது கெவனக்கொறைவுன்னு வச்சுக்கலாம். ரெண்டாவது வாட்டி எங்கிட்ட சொன்ன பாரு, அதுல அவரு மனசு போச்சு. நானும் அவர நம்பாம போனேன். கட்டின பொண்டாட்டி, மொகத்துக்கு நேரா, ‘நீ பயந்துதான் போயிட்டிருப்ப’ன்னு சொன்னேன் பாய். அத நான் எப்படி திருப்பி வாங்குவேன்?” அவள் அழவில்லை. அழுதிருந்தால் ரியாஸுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ரியாஸ் தரையில் உட்கார்ந்து கலைவாணனின் பாதங்களைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடி அவருக்குத் தெரியாது என்பது ஒரு நொடி கழித்துத்தான் அவனுக்குப் புரிந்தது. கையை எடுத்துக்கொண்டான்.

“ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிடறேண்ணே. ஸ்ரீபாலன் வீட்டுக்கும் இப்பவே போறேன். கடைய மூடிடறேன்.”

“சொல்லு” என்றார் கலைவாணன். “எல்லார்கிட்டயும் சொல்லு. சொன்னா மட்டும் நம்புவாங்கன்னு நெனைக்காத. அவனுங்களுக்குப் பயந்தாங்கொள்ளி கததான் ருசி. கடைய மூடாத. நீ மூடினா எல்லாரும் அடுத்த கடைக்குப் போவாங்க, அவன் மிஷினே இல்லாம சீட்டு எழுதிக் குடுப்பான்.”

பிறகு வாசற்படியைப் பார்த்துச் சொன்னார். “விக்ரம், உதறுதுன்ற இல்ல, அத போவ வுடாத. நான் உனக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். சாமானெல்லாம் எடுத்து உள்ள வை. நாளைக்கு யாரும் எறங்க வேணாம்.”

விக்ரம் எழுந்து உருளைகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கிக்கொண்டு போனான். கலைவாணன் தன் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மை வந்துவிட்டது. அதனால் ஒரு விரல்கூட அசையப்போவதில்லை. அவருக்கும் தெரியும், ரியாஸுக்கும் தெரியும்.

“அண்ணே, என்ன மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க” என்றான் ரியாஸ்.

“சொல்லமாட்டேன் பாய்.” கலைவாணன் குரலில் கோபம் இல்லை. “எனக்குப் பயம் இருந்துச்சு, அதனாலதான் உன்கிட்ட வந்தேன். உனக்கு இல்ல, அதனால நான் இப்படி உக்காந்திருக்கேன். பயப்படறவன் கோழை இல்ல. அடுத்தவன் உசுரு கையில இருக்கும்போது பயப்படாதவன்தான் கொலைகாரன். இன்னிக்குத்தான் உனக்கு அந்தப் பயம் வந்திருக்குது. நான் மன்னிச்சிட்டேன்னு சொன்னா, அது உன்ன வுட்டுப் போயிடும்.”